பம்பாய்த் தேக்கில் பிறந்த டிரிங்கோமலி: பாய்மரப் போர்க்கப்பல் மாதிரியை அடியிலிருந்து கட்ட முழுமையான வழிகாட்டி

போர்க்கப்பல் மாதிரி கட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நெல்சனின் விக்டரியில் கை வைக்கிறார்கள். மூன்று பீரங்கித் தளம், 104 பீரங்கி, மலைபோல் கயிறு. பாதியில் நின்றுபோன விக்டரிகள் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. முதல் கப்பலை அடியிலிருந்து கட்ட நினைப்பவருக்கு நான் சொல்வது ஒற்றைப் பீரங்கித் தளம் கொண்ட ஃபிரிகேட் வகைக் கப்பலைத்தான். அதிலும் எச்.எம்.எஸ். டிரிங்கோமலியை.

பெயரைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், நம் திருகோணமலைதான். கட்டப்பட்டது பம்பாயில். நெப்போலியன் போர்க்காலத்தில் கப்பலுக்கு மேல் கப்பலாகக் கட்டித் தள்ளியதில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. தேக்கு கிடைக்கும் இடத்திலேயே கட்டிக்கொள்ளலாம் என்று வேலை வாடியா குடும்பத்தார் தலைமைக் கட்டுநர்களாக இருந்த பம்பாய் கப்பல் தளத்துக்கு வந்தது. 1816இல் வேலை தொடங்கியபோது தலைமைக் கட்டுநர் ஜம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா, பார்சி வழக்கப்படி ஏராவில், அதாவது கப்பலின் அடிமரத்தில், பொறிப்புள்ள ஒரு வெள்ளி ஆணியை அறைந்தார். 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் தண்ணீரில் இறங்கியது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்கவோ, படத்தில் பார்க்கவோ அசல் இருக்கிறது. மாதிரி கட்டுபவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. ஆனால் அந்த வசதியிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. முதல் படியே அதைப் பற்றித்தான்.

படி 1: எந்த ஆண்டின் கப்பல்?

மரம் வாங்கும் முன், வரைபடம் தேடும் முன், ஓர் ஆண்டை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். இருநூறு ஆண்டு வாழ்ந்த கப்பல் ஒரே கப்பல் அல்ல.

1817இன் டிரிங்கோமலி 46 பீரங்கிகள் ஏற்றும்படி வடிவமைக்கப்பட்டது. பீரங்கித் தளத்தில் 18 பவுண்டு குண்டு எறியும் நீண்ட பீரங்கிகள் 28, மீதி பின்மேடையிலும் முன்மேடையிலும். ஆனால் 1819 ஏப்ரலில் போர்ட்ஸ்மவுத் வந்து சேர்ந்ததும் அதை இருப்பில் போட்டுவிட்டார்கள். போர் முடிந்துவிட்டது, கப்பல் தேவையில்லை. 1845இல் மறுபடி எடுத்துப் பின்புறத்தின் வடிவத்தை மாற்றி, எண்ணிக்கையில் குறைந்த ஆனால் கனமான பீரங்கிகளை வைத்து, 26 பீரங்கி கார்வெட் வகைக் கப்பலாக்கினார்கள், ஃபிரிகேட்டுக்கு அடுத்த தரம் அது. முதன்முதலாகப் பணிக்குப் புறப்பட்டது 1847இல்தான். ஆக, 46 பீரங்கி ஃபிரிகேட்டாக அது ஒரு நாளும் பணியாற்றவில்லை. 1897இல் வீட்லி காப் என்பவர் வாங்கி ஃபூட்ராயன்ட் என்று பெயர் மாற்ற, 1986 வரை பயிற்சிக் கப்பலாக ஓடியது. பிறகு புதுப்பிப்பு, பழைய பெயர்.

இன்றைய கப்பலின் புகைப்படத்தைப் பார்த்துப் பின்புறத்தைச் செதுக்கிவிட்டு, ஓரங்களில் 46 பீரங்கிகளை அடுக்கினால் எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு கப்பல் உருவாகும். இதுதான் நான் சொன்ன பொறி. இந்த வழிகாட்டி 1817ஆம் ஆண்டை எடுத்துக்கொள்கிறது. வாடியாவின் கையிலிருந்து வந்த வடிவம் என்பது ஒரு காரணம். வரைபடம் எளிதாகக் கிடைக்கும் என்பது இன்னொன்று.

படி 2: வரைபடமும் அளவும்

இந்தக் கப்பலின் வரைபடத்துக்கே ஒரு கதை உண்டு. பம்பாய்க்கு அனுப்பிய வரைபடங்கள் ஜாவா என்ற கப்பலில் வந்துகொண்டிருந்தன. 1812 டிசம்பரில் பிரேசில் கடற்கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் என்ற போர்க்கப்பல் அந்தக் கப்பலைத் தோற்கடித்தது, வரைபடமும் போனது. மறுபடி ஒரு பிரதி அனுப்ப வேண்டியதாயிற்று.

நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. டிரிங்கோமலி லீடா வகுப்பைச் சேர்ந்தது. 1782இல் பிடிபட்ட ஹெபே என்ற பிரெஞ்சுக் கப்பலின் உடல்வடிவைத் தழுவி ஆங்கிலேயர் கட்டிய வரிசை அது. 1813இல் செசபீக் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைப் பிடித்த ஷானன் இதே வகுப்புதான். கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் பழைய கடற்படை வரைபடங்கள் ஏராளம், பிரதிக்குப் பணம் கட்டி வாங்கலாம். கப்பலின் உட்புறம் எப்படி இருந்தது என்று பார்க்க ஸ்காட்லாந்தின் டண்டீயில் யூனிகார்ன் இருக்கிறது. 1824இல் நீரில் இறங்கிய கப்பல் அது. பாய்மரம் ஏற்றாமல் கூரை போட்டே வைத்துவிட்டதால் உள்ளே பெரிதாகக் கெடவில்லை. ஆனால் அதன் கட்டுமான முறை பிற்காலத்தது, பின்புறத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

அளவு விஷயத்தில் அந்தக் கால அரசுக் கப்பல் தளங்கள் 1:48ஐப் பிடித்துக்கொண்டன, ஓர் அடிக்குக் கால் அங்குலம். அழகான அளவு, ஆனால் வீடு பெரிதாக இருக்க வேண்டும். டிரிங்கோமலியின் பீரங்கித் தளம் சுமார் 150 அடி நீளம், உடல் அகலம் சுமார் 40 அடி. 1:48இல் தளம் மட்டுமே 95 செ.மீ. வரும். முன்னே நீண்டிருக்கும் சாய்மரத்தையும் சேர்த்தால் ஒரு மீட்டரை நன்றாகத் தாண்டும். 1:64 என்றால் தளம் 71 செ.மீ., அகலம் 19 செ.மீ. நம் ஊர் வீடுகளுக்கு இதுவே போதும். 1:96இல் கயிறு முடிச்சுகள் கண்ணைக் கெடுக்கும். கீழே வரும் கணக்கெல்லாம் 1:64க்கு.

வரைபடத்தைப் பிரதி எடுத்ததும் அதிலுள்ள அளவுகோலை ஸ்கேலால் அளந்து பாருங்கள். நீளவாக்கில் ஒரு முறை, குறுக்குவாக்கில் ஒரு முறை. காகிதம் சுருங்கியிருக்கும், அச்சு இயந்திரம் இழுத்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே சரிசெய்யுங்கள்.

அடுத்தது, பலர் தவறவிடும் ஒன்று. கடற்படை வரைபடத்தின் குறுக்குவெட்டுக் கோடுகள் வங்குகளின், அதாவது விலா எலும்புகளின் வெளிப்புறத்தைக் காட்டுகின்றன. அதற்கு மேல் வரும் பலகையின் தடிமன் அதில் சேராது. அசலில் பலகை மூன்று, நான்கு அங்குலம் என்றால் மாதிரியில் 1.2 முதல் 1.6 மி.மீ. நீங்கள் இரண்டு அடுக்காக மொத்தம் 2.5 மி.மீ. பலகை ஒட்டப் போகிறீர்கள் என்றால், மாதிரியில் வங்குகளுக்குப் பதிலாக நிற்கும் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தையும் சுற்றிலும் சுமார் 1 மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். இல்லையேல் கப்பல் கொழுத்துவிடும். எங்கே தப்பு என்று பிறகு தெரியவும் செய்யாது.

படி 3: தேக்குக் கப்பலுக்குத் தேக்கு வேண்டாம்

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. தேக்கில் கட்டிய கப்பலைத் தேக்கில்தானே கட்ட வேண்டும்? வேண்டாம். தேக்கை வெட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் துளைகள் இருக்கும், சில 0.3 மி.மீ. வரை போகும். 64ஆல் பெருக்குங்கள்: அசல் கப்பலின் பலகையில் இரண்டு சென்டிமீட்டர் ஓட்டை! மரத்தின் வரிகளும் அப்படியே, அளவுக்கு மீறித் தெரியும். மாதிரியில் மரம் அளவுக்குத் தக்கபடி நடிக்க வேண்டும், அதன் பெயர் என்ன என்பது முக்கியமில்லை.

மேலை நாட்டார் பாக்ஸ்வுட், பேரிக்காய் மரம் என்பார்கள். நமக்கு மஞ்சக்கடம்பு இருக்கிறது. சீரான மஞ்சள் நிறம், நெருக்கமான வரி, கத்திக்கு நன்றாகப் படியும். தேக்கின் பழுப்பு வேண்டுமென்றால் லேசாகச் சாயம் போடலாம். தளப் பலகைக்கு வெப்பாலை. மரப் பொம்மை கடைபவர்கள் பயன்படுத்தும் அந்த வெள்ளை மரம் வெயிலில் வெளுத்த தளத்துக்கு அப்படியே பொருந்தும். எலும்புக்கூட்டுக்கு 6 மி.மீ. பிளைவுட், நல்ல தரமாக, அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி இல்லாததாக. வாங்கிய மரத்தை வேலை அறையிலேயே சில மாதம் கிடக்க விடுங்கள். மழைக்காலத்தில் மரவாடியிலிருந்து வந்ததை அப்படியே இழைத்து ஒட்டினால், சித்திரையில் பலகை இணைப்புகள் வாயைத் திறக்கும்.

கருவிகள் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மெல்லிய பல் ரம்பம், கட்டர் கத்தி, சிறு அரங்கள், கையால் சுழற்றும் சிறிய டிரில், காலிப்பர், 120, 240, 400 உப்புத்தாள், துணி கவ்வும் கிளிப்புகள், வெள்ளைப் பசை. சின்ன கடைசல் இயந்திரம் இருந்தால் பீரங்கிக்கு உதவும்.

படி 4: எலும்புக்கூடு

நடுவே கப்பலின் பக்கவாட்டு வடிவில் ஒரு முழுநீள பிளைவுட் பலகை. அதில் வெட்டிய பள்ளங்களில் குறுக்குச் சட்டங்கள் செருகி நிற்கும். சட்டங்களுக்கு நடுவே 35 மி.மீ. இடைவெளி போதும், முன்னும் பின்னும் வளைவு கடுமையாவதால் இன்னும் நெருக்கமாக. லேசர் வெட்டும் கடை ஊரில் இருந்தால் கோப்பைக் கொடுத்து வெட்டி வாங்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

நடுப்பலகை வளைந்திருந்தால் கப்பலே வளையும். தட்டையான கடப்பா கல் ஒன்றின் மேல் இரண்டு கோணப் பட்டைகளுக்கு நடுவே அதை நிறுத்தி, ஒவ்வொரு சட்டமும் செங்குத்தா என்று மூலைமட்டத்தால் பார்த்த பிறகே பசை. முன்முனையிலும் பின்முனையிலும் சட்டங்களுக்கு நடுவே மென்மரக் கட்டைகளை அடைத்துவிடுங்கள். வளைந்த பலகை ஒட்டிக்கொள்ள அங்கே நிறையப் பரப்பு வேண்டும்.

பிறகு நீண்ட மெல்லிய சட்டம் ஒன்றை உடல் மேல் வளைத்துப் பிடித்து, அது எல்லாக் குறுக்குச் சட்டங்களையும் தொடும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். முன்பக்கச் சட்டங்களின் முன்விளிம்பும், பின்பக்கச் சட்டங்களின் பின்விளிம்பும் அதிகம் தேயும். அவசரப்படக் கூடாத இடம் இது. இங்கே விட்ட மேடு இரண்டு அடுக்குப் பலகைக்குப் பிறகும் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும்.

ஏராவைப் பொருத்தும்போது ஒரு வெள்ளிக் கம்பித் துண்டை அதில் அறைந்துவிடுங்கள். கண்காட்சியில் யாருக்கும் தெரியாது. வாடியா செய்தார், நாமும் செய்வோம்.

படி 5: பலகை

மாதிரியின் தரம் முடிவாவது இங்கேதான். முதல் அடுக்கு 1.5 மி.மீ., வடிவத்துக்காக. அதை மழமழவென்று தேய்த்துவிட்டு 1 மி.மீ. இரண்டாம் அடுக்கு, கண்ணுக்காக.

முதல் பலகை மேலிருந்தும் அல்ல, ஏராவிலிருந்தும் அல்ல. பீரங்கி வாய்களுக்குக் கீழே கப்பலைச் சுற்றி ஓடும் தடித்த பட்டை இருக்கிறதே, வேல் என்பார்கள், அந்தக் கோட்டில் தொடங்குங்கள். கப்பலின் அழகு முழுவதும் அந்த ஒரு வளைவில் இருக்கிறது. அது தொய்ந்தால் எதுவும் காப்பாற்றாது. இரு பக்கமும் உயரத்தை அளந்து, தூர நின்று கண்ணை மட்டமாக வைத்துப் பார்த்து, அப்புறம் பசை போடுங்கள்.

அதற்குக் கீழே உள்ள பரப்புக்குக் கணக்கு வேண்டும். ஒரு காகிதப் பட்டையை வேலின் அடியிலிருந்து ஏராவரை கப்பலின் நடுவில் சுற்றி அளந்து பாருங்கள். 150 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பலகை அகலம் 5 மி.மீ. என்றால் 30 வரிசை. அதே அளவை முன்முனையில் எடுத்தால் 105 மி.மீ.தான் வருகிறது, 30ஆல் வகுத்தால் 3.5 மி.மீ. ஆக, ஒவ்வொரு பலகையையும் முன்னே போகப் போக 5லிருந்து 3.5 ஆகக் குறுக்கிச் சீவ வேண்டும். பாதி அகலத்துக்கும் கீழே, இங்கே 2.5க்கும் கீழே, போகும்படி வந்தால் சீவக் கூடாது. அந்த நுனியில் ஆணி பிடிக்காது என்று அசல் தச்சர்களும் அப்படிச் செய்வதில்லை. இரண்டு வரிசைகளை ஒன்றாக முடித்துவிடுவார்கள். பின்முனையில் நிலைமை தலைகீழ், பரப்பு விரிந்துகொண்டே போகும். பலகையை அகலமாக்குங்கள், அல்லது இடையில் ஆப்பு வடிவத் துண்டு சேருங்கள்.

இந்தக் கணக்கைச் செய்யாமல், ஒரே அகலப் பட்டைகளை வரிசையாக வளைத்து ஒட்டிக்கொண்டே போய்க் கடைசியில் முக்கோண ஓட்டைகளை மரத்தூள் பசையால் அடைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அடைக்கலாம். செப்புத் தகடு மூடிவிடும் என்று சமாதானமும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தகடு மேட்டையும் பள்ளத்தையும் மறைக்காது, மினுமினுத்துக் காட்டும்.

முன்முனை வளைவுக்குப் பலகையைத் தண்ணீரில் ஊறவைத்து, இஸ்திரிப் பெட்டி நுனியிலோ முடி நேராக்கும் கருவியிலோ சூடுகாட்டி வளையுங்கள். காய்ந்த பிறகே பசை, ஈரத்தில் ஒட்டினால் சுருங்கும்போது இடைவெளி விடும். இரண்டாம் அடுக்கை முழுநீளப் பட்டையாக ஒட்டாதீர்கள். அசல் பலகை 24 அடி என்று கொண்டால் இங்கே 114 மி.மீ. ஒரு சட்டத்தின் மேல் ஒரு பலகை முடிந்தால், அதே சட்டத்தில் இன்னொன்று முடிய நடுவே மூன்று வரிசையாவது இருக்கட்டும்.

பீரங்கி வாய்களைத் திறக்கும்போது ஒரு நுணுக்கம். வாயின் மேல், கீழ் விளிம்புகள் தளத்தின் வளைவோடு ஓடும். பக்க விளிம்புகள் நீர்மட்டத்துக்குச் செங்குத்தாக நிற்கும். எனவே நடுவில் செவ்வகமாக இருப்பது முன்னும் பின்னும் லேசாகச் சாய்ந்த நாற்கரமாகும். பீரங்கி வாய் என்றாலே நேர்ச்சதுரம் என்று வெட்டினால் பற்கள் கோணலாகத் தெரியும்.

படி 6: செப்பும் தளமும்

கடல் புழு துளைக்காமலும் பாசி சேராமலும் இருக்க அடியில் செப்புத் தகடு. அசல் தகடு 4 அடிக்கு 14 அங்குலம், நமக்கு 19 மி.மீ.க்கு 5.5 மி.மீ. எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் பின்பக்கம் பசையுள்ள செப்பு நாடா கிடைக்கும், அதுவே சரியான தடிமன். பின்னிருந்து முன்னோக்கி ஒட்டுங்கள், முன்தகட்டின் பின்விளிம்பு அதற்குப் பின்னால் உள்ள தகட்டின் மேல் ஏறி இருக்க வேண்டும். அப்போதுதான் ஓடும் தண்ணீர் விளிம்பைக் கிளப்பாது. இரு பக்கமும் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டும், பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டிய வேலை. ஆணித்தலைகளை ஊசியால் அழுத்திக் காட்டும் வழக்கம் உண்டு. 1:64இல் அது அம்மைத் தழும்பாகிவிடுகிறது. நான் விட்டுவிடச் சொல்வேன்.

தளப் பலகை 3.6 மி.மீ. அகலம், அசலில் 9 அங்குலம். இடுக்குகளில் தண்ணீர் புகாமல் அடைத்த கலப்பத்தின், அதாவது தார் தோய்ந்த நாரின், கருங்கோட்டைக் காட்ட, பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் மென்பென்சில் தீட்டுங்கள். மார்க்கர் வேண்டாம், மரத்துக்குள் ஊறிப் பரவும்.

படி 7: பீரங்கி

18 பவுண்டு பீரங்கி எட்டு அடி நீளம் என்று கொண்டால் 38 மி.மீ. வாய் விட்டம் 2 மி.மீ. பித்தளையில் கடைந்து கருமையாக்குவது நல்லது. ஈயத்தில் வார்த்தது மலிவு, ஆனால் பழைய அருங்காட்சியக மாதிரிகளில் பெரிய தலைவலியே அதுதான். மூடிய பெட்டிக்குள் ஓக், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போன்றவற்றிலிருந்து கசியும் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துபோகிறது. 28 பீரங்கி வண்டிகளையும் தனித்தனியே செய்யாமல் ஓர் அச்சுச் சட்டம் செய்து அதில் வைத்து ஒட்டுங்கள், ஒரே உயரம் வரும். குழல்கள் பீரங்கி வாயின் நடுவில் நிற்கின்றனவா என்று தளத்தை மூடுவதற்கு முன்பே பாருங்கள்.

முகப்பில் அமரும் உருவம் தலைப்பாகை கட்டிய ஆண். மஞ்சக்கடம்பில் செதுக்க இதமாக இருக்கும். முகத்தை நுணுக்க வேண்டியதில்லை, தலைப்பாகை மடிப்பும் தோளும் சரியாக வந்தால் போதும்.

படி 8: பாய்மரமும் கயிறும்

பாய்மரங்களை உருட்டுக் கட்டையாக வாங்காதீர்கள். சதுரக் கட்டையை எட்டுப் பட்டையாக்கி, பதினாறாக்கி, பிறகு உருட்டுங்கள். அப்படிச் செய்தால்தான் நுனியை நோக்கிய ஒடுக்கம் சீராக வரும். தடிமனுக்கும் நீளத்துக்கும் 1794இல் டேவிட் ஸ்டீல் வெளியிட்ட பாய்மர, கயிற்று அட்டவணைகள்தான் இன்றும் எல்லோருக்கும் கைவிளக்கு.

கயிறு விஷயத்தில் அந்த அட்டவணை புதியவர்களை ஏமாற்றும். ஆங்கிலேயர் கயிற்றைச் சுற்றளவால் சொன்னார்கள், விட்டத்தால் அல்ல. 9 அங்குலக் கயிறு என்றால் 3.14ஆல் வகுத்து விட்டம் 2.87 அங்குலம், அதாவது 73 மி.மீ. மாதிரியில் 1.1 மி.மீ. வகுக்க மறந்தால் மூன்று மடங்கு பருத்த கயிறு தொங்கும். தையல் கடைப் பாலியெஸ்டர் நூலை முறுக்கி நீங்களே கயிறு திரிக்கலாம். பருத்தி நூல் ஈரக் காற்றில் இழுக்கும், வெயிலில் தொய்யும், கடற்கரை ஊர்களில் வேண்டவே வேண்டாம். மரங்களைப் பிடித்து நிறுத்தும் நிலைக் கயிறுகள் தார் பூசியவை, கரும்பழுப்பு. பாயை இயக்கும் கயிறுகள் வெளிர்.

வரிசை முக்கியம். முதலில் முன் சாய்மரத்தைக் கட்டி இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு பாய்மரத்துக்கும் பக்கக் கயிறுகள், இணை இணையாக. வலப்பக்கத்தின் முன்னிணை முதலில், பிறகு இடப்பக்கத்து முன்னிணை, இப்படி மாறி மாறி. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் மரம் சாயும். முன்னோக்கி இழுக்கும் கயிறுகள் இவற்றின் மேல் கடைசியாக அமரும். ஏணிப்படிக் கயிறுகள் 5.5 மி.மீ. இடைவெளியில் வரும். பின்னால் கோடு போட்ட அட்டையை வைத்துக்கொண்டு முடியுங்கள். முடிச்சு போடும்போது பக்கக் கயிறுகளை உள்ளே இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாய் கட்டும் குறுக்கு மரங்களில் கப்பிகளையெல்லாம் மேசையிலேயே கட்டி முடித்துவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். நூலுக்கு மெழுகு தேவையில்லை, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பாய் விரிக்கலாமா என்று கேட்பார்கள். எந்த மெல்லிய துணியின் நெசவும் 64 மடங்கில் மீன்வலைதான். பாயில்லாமல் விடுவதே என் கட்சி. மேலே நிறைய வேலை செய்துவிட்டு அதைத் துணியால் மூடுவானேன்?

படி 9: பெட்டி

கண்ணாடிப் பெட்டி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். கயிறுகளுக்கு நடுவே படிந்த தூசியை எடுக்க வழியே கிடையாது. அடிப்பலகைக்கு எம்.டி.எஃப். தவிருங்கள். கீழ்ப்புறம் இரண்டு மூன்று சிறு துளைகள் போட்டு மெல்லிய வலை ஒட்டினால் உள்ளே புழுக்கம் தங்காது, பூச்சியும் நுழையாது. நேர் வெயில் படும் சுவர் கூடாது, கரையான் ஏறும் வெளிச்சுவரும் கூடாது. மாதிரியை ஏராவின் வழியே இரண்டு திருகாணிகளால் பீடத்தில் இறுக்குங்கள். அந்தத் துளைகளை எலும்புக்கூடு நிலையிலேயே போட்டு, உள்ளே நட்டுகளை எபாக்சியில் பதித்து வைத்திருந்தால் இப்போது அரை மணி நேர வேலை. முதல் மழைக்காலம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து நிலைக் கயிறுகளை ஒரு முறை விரலால் தொட்டுப் பாருங்கள். தொய்ந்தது இருந்தால் அடிக்கப்பியில் இழுத்துக் கட்டிவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கத்துக் கயிற்றையும் கையோடு பார்த்துவிடுங்கள்.